உலக வர்த்தகம் போன மாதம் ஏறியதா, இறங்கியதா? மாதக் கணக்கைப் படிக்கும் முறை

"உலக வர்த்தகம் 1.5 சதவீதம் சரிந்தது" என்று ஒரு மாதம் செய்தி வருகிறது. அடுத்த மாதமே "வர்த்தகம் மீண்டது, 0.8 சதவீத உயர்வு" என்கிறார்கள். முதல் செய்திக்குப் பதறியவரும் இரண்டாவதற்கு மகிழ்ந்தவரும் பெரும்பாலும் வீணாகத்தான் உணர்ச்சிவசப்பட்டிருப்பார்கள். மாதக் கணக்கு இயல்பிலேயே துள்ளும் கணக்கு. அது எதை அளக்கிறது, எதோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுகிறது, வெளியான பிறகு எவ்வளவு மாறும் என்பது தெரிந்தால், எந்தத் துள்ளலைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது ஓரளவு பிடிபடும்.

யார் கணக்கிடுகிறார்கள்?

உலகத்துக்கென்று சுங்கத்துறை எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் ஏற்றுமதி, இறக்குமதியைத் தன் நாணயத்தில், தன் முறைப்படி, தனக்கு வசதியான தேதியில் வெளியிடுகிறது. இவற்றைத் திரட்டி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வேலையை மாதந்தோறும் செய்துவருவது நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சி.பி.பி. என்ற அரசுப் பொருளாதார ஆய்வு அமைப்பு. 1945ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜான் டின்பெர்கன், 1969ல் பொருளாதாரத்துக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்த அமைப்பு வெளியிடும் 'உலக வர்த்தகக் கண்காணிப்பு' அறிக்கையைத்தான் "உலக வர்த்தகம் இத்தனை சதவீதம்" என்ற செய்திகள் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகின்றன.

அறிக்கை மாதத்தின் 25ஆம் தேதி வாக்கில் வரும். அதில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முந்தைய நிலவரம்: நவம்பர் இறுதியில் வெளியாகும் அறிக்கை செப்டம்பரைப் பற்றியது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. தென்கொரியா ஒரு மாதத்தின் ஏற்றுமதியை அடுத்த மாதம் 1ஆம் தேதியே சொல்லிவிடும். சீனா அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குள் சொல்லும். அமெரிக்காவின் முழுக் கணக்குக்கு ஐந்து வாரம், யூரோ மண்டலத்துக்கு ஆறு வாரத்துக்கு மேல். இன்னும் சில நாடுகள் மாதக்கணக்கில் இழுக்கும். வராத நாடுகளின் எண்களை மதிப்பீடு செய்து நிரப்பித்தான் உலக மொத்தம் போடப்படுகிறது. கடைசி மாதத்தின் எண் பின்னால் திருத்தப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கே வர்த்தகம் என்றால் சரக்கு வர்த்தகம் மட்டும். மென்பொருள் சேவை, சுற்றுலா, காப்பீடு, வங்கிச் சேவை எதுவும் சேராது. அதேபோல் இதே அறிக்கையில் வரும் தொழில்துறை உற்பத்தி என்பதில் சுரங்கம், ஆலைகள், மின்சாரம், எரிவாயு ஆகியவை உண்டு. விவசாயமும் சேவைத் துறையும் கிடையாது. கட்டுமானத்தையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆகவே "தொழில்துறை உற்பத்தி சரிந்தது" என்பதும் "பொருளாதாரம் சரிந்தது" என்பதும் ஒன்றல்ல. வளர்ந்த நாடுகள் பலவற்றில் மொத்தப் பொருளாதாரத்தில் தொழில்துறையின் பங்கு ஐந்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. பிறகு ஏன் இதற்கு இவ்வளவு மவுசு? பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கம் முதலிலும் பலமாகவும் தெரிவது இங்கேதான். மந்தம் வந்தால் மக்கள் முடிவெட்டிக்கொள்வதை நிறுத்துவதில்லை, கார் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மதிப்பு வேறு, அளவு வேறு

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு நாடு போன மாதம் 100 கோடி டாலருக்கு எண்ணெய் ஏற்றுமதி செய்தது. இந்த மாதம் 108 கோடி. எட்டு சதவீத வளர்ச்சி என்று தோன்றும். இடையில் எண்ணெய் விலை 10 சதவீதம் ஏறியிருந்தால்? 108ஐ 110ஆல் வகுத்தால் 0.982. அதாவது கப்பலில் ஏறிய எண்ணெய் உண்மையில் 1.8 சதவீதம் குறைந்திருக்கிறது. பணம் கூடியது, பீப்பாய் குறைந்தது.

சி.பி.பி. அறிக்கையில் தலைப்புச் செய்தியாக வரும் எண், விலை மாற்றத்தைக் கழித்துவிட்ட அளவுக் குறியீடு. விலைகளுக்கு டாலரில் தனிப் பட்டியல் உண்டு. அதைப் படிக்கும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. உலக வர்த்தகத்தில் கணிசமான பகுதிக்கு யூரோவிலும் பிற நாணயங்களிலும் விலை குறிக்கப்படுகிறது. டாலர் வலுத்தால், யூரோவில் விலை மாறாத பொருள்கூட டாலர் கணக்கில் மலிவானதாகத் தெரியும். "உலக வர்த்தக விலைகள் வீழ்ச்சி" என்று கண்ணில் பட்டால், முதலில் டாலரின் போக்கைப் பாருங்கள்.

விலையைக் கழிப்பதும் எளிதல்ல. பல நாடுகள் பொருளின் உண்மையான விலையைப் பின்தொடர்வதில்லை. மொத்த மதிப்பை எடையாலோ எண்ணிக்கையாலோ வகுத்து, சராசரி அலகு விலையைக் கண்டுபிடிக்கின்றன. ஒரு நாடு போன மாதம் மலிவுக் கைக்கடிகாரங்களை அதிகமாகவும், இந்த மாதம் விலையுயர்ந்தவற்றை அதிகமாகவும் அனுப்பியது என்று வையுங்கள். எந்தக் கடிகாரத்தின் விலையும் ஒரு காசுகூட மாறவில்லை. ஆனாலும் சராசரி அலகு விலை எகிறிவிடும். கணக்கு அதை விலையேற்றம் என்று எடுத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். எண்ணெய், இரும்புத்தாது, கோதுமை போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. இயந்திரங்களிலும் மின்னணுப் பொருட்களிலும் அதிகம்.

ஒரு சலவை இயந்திரம் கணக்கில் ஏறும் விதம்

உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி மூன்றும் ஒரே மாதத்தில் ஏன் ஒத்துப்போவதில்லை? ஒரே ஒரு பொருளின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

சீனாவில் ஒரு ஆலையில் மே 20ஆம் தேதி ஒரு சலவை இயந்திரம் தயாராகிறது. அது மே மாத உற்பத்திக் கணக்கில் விழும். கிடங்கில் இரண்டு வாரம் கிடந்து, ஜூன் 5ஆம் தேதி ஷாங்காய் துறைமுகத்தில் சுங்க ஆவணம் பதிவாகிறது. அது சீனாவின் ஜூன் ஏற்றுமதி. கப்பல் சூயஸ் கால்வாய் வழியாக ராட்டர்டாம் போய்ச் சேர ஒரு மாதம் பிடிக்கும். அங்கே ஜூலை இரண்டாவது வாரம் சுங்கத்தைக் கடக்கிறது. அது நெதர்லாந்தின் ஜூலை இறக்குமதி. ஒரே இயந்திரம், மூன்று மாதங்கள், மூன்று பதிவுகள்.

மதிப்பும் மாறியிருக்கும். ஏற்றுமதி செய்யும் நாடு, கப்பலில் ஏற்றும் வரையிலான விலையைத்தான் பதிவு செய்யும். இறக்குமதி செய்யும் நாடுகளில் பெரும்பாலானவை கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்துப் பதிவு செய்யும். இதனால் உலக இறக்குமதியின் மொத்த மதிப்பு உலக ஏற்றுமதியைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதை வைத்து "பூமி வேற்றுக்கிரகத்திடமிருந்து இறக்குமதி செய்கிறதா" என்று பொருளாதாரக்காரர்கள் தங்களுக்குள் கேலி செய்துகொள்வதுண்டு.

கடலில் இருக்கும் சரக்கு ஏற்றுமதியில் சேர்ந்துவிட்டது, இறக்குமதியில் இன்னும் சேரவில்லை. இதனால்தான் சி.பி.பி. உலக வர்த்தகத்தை ஏற்றுமதி, இறக்குமதி இரண்டின் சராசரியாகச் சொல்கிறது. கடல் வழி நீண்டால் இந்த இடைவெளியும் நீளும். 2023 நவம்பரில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடியது. இப்படியொரு மாற்றம் வரும்போது, யாரும் ஒரு ஆர்டரைக்கூட ரத்து செய்யாமலேயே சேருமிடத்தில் ஒரு மாத இறக்குமதி இளைத்துத் தெரியலாம். சரக்கு வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உற்பத்திக் குறியீடு எப்படிப் போடப்படுகிறது?

தொழில்துறை உற்பத்தியை அளக்க ஒரே வழி என்று எதுவும் இல்லை. எஃகு என்றால் டன், கார் என்றால் எண்ணிக்கை, மின்சாரம் என்றால் மெகாவாட்-மணி. எண்ண முடியாதவற்றுக்கு விற்பனையை விலைக் குறியீட்டால் வகுப்பார்கள், அல்லது தொழிலாளர் வேலை செய்த நேரத்தை வைத்து மதிப்பிடுவார்கள். அமெரிக்காவில் இந்தக் குறியீட்டை வெளியிடுவது அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ். அதன் தொடர் 1919 வரை பின்னோக்கிப் போகிறது. அதுவும் சில துறைகளுக்குப் பொருள் எண்ணிக்கையையும், சிலவற்றுக்கு வேலை நேரத்தையும் பயன்படுத்துகிறது.

பிறகு ஒவ்வொரு துறைக்கும் அது கூட்டும் மதிப்பின்படி ஒரு எடை கொடுக்கப்படும். எடை என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனை நாட்டை வைத்துப் பார்ப்போம். ஆலைகளுக்கு எடை 75, சுரங்கத்துக்கு 15, மின்சாரத்துக்கு 10. இந்த மாதம் ஆலை உற்பத்தி 1 சதவீதம் கூடியது, சுரங்கம் 4 சதவீதம் இறங்கியது, மின்சாரம் 2 சதவீதம் ஏறியது. கணக்கு: 0.75 − 0.60 + 0.20 = 0.35 சதவீதம். செய்தியில் "உற்பத்தி 0.4 சதவீதம் உயர்வு, மந்தம்" என்று வரும். ஆலைகளோ நன்றாகத்தான் ஓடியிருக்கின்றன. சுரங்கத்தில் வேலைநிறுத்தம், கடுங்குளிரால் மின்தேவை என்று இரண்டு விஷயங்கள் மொத்தத்தை அங்குமிங்கும் இழுத்திருக்கின்றன. ஆகவே மொத்தக் குறியீட்டைப் பார்த்தவுடன் ஆலை உற்பத்தி வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

உலக உற்பத்தியைக் கூட்டும்போது இன்னொரு கேள்வி வரும்: எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை? நாட்டின் உற்பத்தி அளவுப்படி கொடுத்தால் சீனாவின் பங்கு மிகப் பெரிதாக இருக்கும். உலக ஆலை உற்பத்தியில் ஏறக்குறைய 30 சதவீதம் அங்கேதான். இறக்குமதி அளவுப்படி கொடுத்தால் ஐரோப்பாவின் குரல் ஓங்கும், சீனாவின் குரல் தாழும். சி.பி.பி. இரண்டு வகையிலும் வெளியிட்டுவந்திருக்கிறது. ஒரே மாதத்துக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் கண்ணில் பட்டால், யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எடை வேறாக இருக்கலாம்.

குறியீட்டெண் பற்றி ஒரு வார்த்தை. ஒரு அடிப்படை ஆண்டின் சராசரியை 100 என்று வைத்துத்தான் எல்லாத் தொடரும் எழுதப்படுகிறது. ஒரு நாட்டின் குறியீடு 120, இன்னொன்றினுடையது 104 என்றால், முதல் நாடு அதிகம் உற்பத்தி செய்கிறது என்று பொருளல்ல. அடிப்படை ஆண்டிலிருந்து அது அதிகம் வளர்ந்திருக்கிறது என்பதுதான் பொருள். ஒரு சிறு தீவு நாட்டின் குறியீடு 150ஆகவும் அமெரிக்காவினுடையது 103ஆகவும் இருக்க எந்தத் தடையும் இல்லை.

பருவத்தைக் கழித்தல்

பிப்ரவரியில் நாட்கள் குறைவு. ஆகஸ்டில் ஐரோப்பிய ஆலைகள் பல விடுமுறையில் மூடிக்கிடக்கும். ஆண்டு இறுதிப் பண்டிகை விற்பனைக்கான சரக்கு செப்டம்பர், அக்டோபரிலேயே கப்பலேறிவிடும். இவையெல்லாம் ஆண்டுதோறும் நடப்பவை என்பதால் இவற்றில் செய்தி எதுவும் இல்லை. ஆகவே பல ஆண்டுத் தரவுகளை வைத்து "இந்த மாதம் வழக்கமாக இவ்வளவு கூடும், இவ்வளவு குறையும்" என்று மதிப்பிட்டு, அதைக் கழித்துவிடுகிறார்கள். இதற்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் எக்ஸ்-13 அரிமா சீட்ஸ், ஸ்பெயின் மத்திய வங்கியின் டிராமோ-சீட்ஸ் ஆகிய முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

தேதி மாறும் பண்டிகைதான் இதில் பெரிய தலைவலி. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்த நாட்களில் ஆலைகள் வாரக்கணக்கில் மூடும். ஒரு வருடம் ஜனவரியில் வந்து அடுத்த வருடம் பிப்ரவரியில் வந்தால், போன வருட ஜனவரியோடு இந்த வருட ஜனவரியை ஒப்பிடுவது மூடிய ஆலையோடு திறந்த ஆலையை ஒப்பிடுவதாகும். சீனப் புள்ளியியல் துறையே ஜனவரியின் தொழில்துறை உற்பத்தியைத் தனியாக வெளியிடுவதில்லை. ஜனவரி, பிப்ரவரி இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. உலக மொத்தத்தில் சீனாவின் எடை பெரிது என்பதால் அங்கே கணக்கு கொஞ்சம் பிசகினாலும் உலக எண் ஆடும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றின் தனி மாத மாற்றங்களைச் சற்றுத் தள்ளி வைத்தே படியுங்கள்.

பருவ மதிப்பீடு புதிய தரவு வர வர மாறும். அதனால் இந்த ஆண்டு எண் சேர்ந்ததும், இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய மாதங்களின் எண்களும் பொட்டளவு நகரும். பழைய அறிக்கையிலிருந்து ஒரு எண்ணையும் புதியதிலிருந்து ஒரு எண்ணையும் எடுத்து வகுத்துவிடாதீர்கள். எப்போதும் முழுத் தொடரையும் கடைசியாக வந்த கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். இந்தத் தவறு அனுபவசாலிகளிடமும் சர்வ சாதாரணம்.

மூன்று ஒப்பீடுகள்

ஒரே தொடரை வைத்துக்கொண்டு மூன்று விதமான கதை சொல்லலாம். விளக்கத்துக்காக உருவாக்கிய ஒரு தொடர் இது. ஜனவரி முதல் ஜூன் வரை குறியீடு: 100.0, 101.2, 100.4, 102.6, 101.1, 101.9.

முதல் ஒப்பீடு, முந்தைய மாதத்தோடு. இந்த மாத எண்ணை முந்தைய மாத எண்ணால் வகுத்து, ஒன்றைக் கழித்து, நூறால் பெருக்க வேண்டும். பிப்ரவரி +1.2, மார்ச் −0.8, ஏப்ரல் +2.2, மே −1.5, ஜூன் +0.8. இதை மட்டும் பார்த்தால் ஊஞ்சல் ஆடுகிறது. மே மாத −1.5 சதவீதத்துக்கு "கடும் சரிவு" என்று தலைப்பு வந்திருக்கும். ஆனால் மே மாதக் குறியீடான 101.1, ஜனவரியையும் மார்ச்சையும்விட மேலேதான் இருக்கிறது. ஏப்ரல் அளவுக்கு மீறி ஏறியதன் மறுபக்கம்தான் மே.

இரண்டாவது, மூன்று மாதச் சராசரியை அதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரியோடு ஒப்பிடுவது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சராசரி 101.87; ஜனவரி முதல் மார்ச் வரை 100.53. வளர்ச்சி 1.3 சதவீதம். சி.பி.பி. இதை 'உந்தம்' என்ற பொருளில் தனியாக ஒவ்வொரு மாதமும் தருகிறது. என் பார்வையில் அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான். திடீர்த் துள்ளல்கள் இதில் பெருமளவு அடங்கிவிடும், அதே சமயம் போக்கு திரும்பினால் இரண்டு மூன்று மாதத்துக்குள் காட்டிவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த 1.3 காலாண்டு அளவு. சிலர் இதை ஆண்டு வேகத்துக்கு மாற்றி, அதாவது நான்கு காலாண்டும் இதே வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்தால் என்று கூட்டு முறையில் கணக்கிட்டு (1.0133 × 1.0133 × 1.0133 × 1.0133), 5.4 சதவீதம் என்று எழுதுவார்கள். இரண்டும் சரியே, ஆனால் எது என்று சொல்லாமல் எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார்.

மூன்றாவது, போன வருடம் இதே மாதத்தோடு. பருவச் சிக்கல் இதில் குறைவு, புரிவதும் சுலபம். ஆனால் போன வருடம் என்ன நடந்தது என்பது இந்த வருட எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். நம் தொடரில் போன ஜூன் 99.0 என்றால் ஆண்டு வளர்ச்சி 2.9 சதவீதம். போன ஜூனில் துறைமுக வேலைநிறுத்தத்தால் 95.0க்கு விழுந்திருந்தால், அதே 101.9 இப்போது 7.3 சதவீத வளர்ச்சியாகத் தெரியும். இந்த வருடம் யாரும் ஒரு பெட்டிகூடக் கூடுதலாக ஏற்றவில்லை. இதைத்தான் அடிப்படை விளைவு என்கிறார்கள்.

விழுந்த சதவீதமும் எழுந்த சதவீதமும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தால் உலக வர்த்தக அளவு ஒரே மாதத்தில் ஏறக்குறைய 12 சதவீதம் விழுந்தது. 100 இருந்தது 88 ஆகிவிட்டால், மீண்டும் 100ஐத் தொட 12 சதவீதம் போதாது, 13.6 சதவீதம் ஏற வேண்டும். "12 சதவீதம் விழுந்தது, பிறகு 12 சதவீதம் ஏறியது, கணக்கு நேராகிவிட்டது" என்பவருக்குப் பையில் ஒன்றரைப் புள்ளி குறையும்.

வர்த்தகம் ஏன் உற்பத்தியைவிட அதிகம் துள்ளுகிறது?

2009ல் உலகப் பொருளாதாரம் லேசாகத்தான் சுருங்கியது. சரக்கு வர்த்தகத்தின் அளவோ அந்த ஆண்டில் சுமார் 12 சதவீதம் விழுந்தது. தொழில்துறை உற்பத்தியும் பலமாக இறங்கியது, ஆனால் வர்த்தகம் அளவுக்கு இல்லை. இந்த வரிசை ஏறக்குறைய ஒவ்வொரு பெரிய சரிவிலும் தென்படும். காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

எல்லை தாண்டும் சரக்கில் இயந்திரம், வாகனம், மின்னணுப் பொருள் ஆகியவற்றின் பங்கு, மக்களின் மொத்தச் செலவில் அவற்றின் பங்கைவிட மிக அதிகம். தள்ளிப்போடக்கூடிய பொருட்கள் இவை. மந்தம் வந்ததும் முதலில் வெட்டப்படுபவையும் இவையே.

அடுத்தது, ஒரே மதிப்பு பலமுறை எண்ணப்படுவது. ஒரு மின்னணுச் சில்லு (சிப்) ஒரு நாட்டில் தயாராகி, இரண்டாவது நாட்டுக்குப் போய்ச் சோதனை முடிந்து, மூன்றாவது நாட்டில் ஒரு பலகையில் பொருத்தப்பட்டு, நான்காவது நாட்டுக்குக் கைபேசியாகப் போகிறது. ஒவ்வொரு எல்லையிலும் அதன் முழு மதிப்பும் வர்த்தகத்தில் சேரும். உற்பத்திக் குறியீட்டின் எடையோ, ஒவ்வொரு நாடும் தான் கூட்டிய மதிப்புக்கு மட்டும்தான். கைபேசிக்கான கிராக்கி குறைந்தால், வர்த்தகக் கணக்கில் நான்கு இடத்தில் அடி விழும்.

இருப்பும் சேர்ந்துகொள்கிறது. விற்பனை 5 சதவீதம் குறைந்தால், கிடங்கில் உள்ளதையும் கரைக்க நினைக்கும் வியாபாரி ஆர்டரை 15 சதவீதம் வெட்டுவார். தூரத்திலிருந்து வரும் சரக்குக்கு இருப்பு அதிகம் வைத்திருப்பார்கள் என்பதால், வெட்டும் அங்கேதான் ஆழமாக விழும். மீட்சியின்போது இதே கதை தலைகீழாக ஓடும்.

சங்கிலி எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2011 மார்ச் ஒரு பாடம். ஜப்பானின் நிலநடுக்கமும் சுனாமியும் அந்நாட்டின் தொழில்துறை உற்பத்தியை ஒரே மாதத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் கீழே தள்ளின. சேதமடைந்தவற்றில் இபராகி மாவட்டத்திலிருந்த ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையும் ஒன்று. அது கார்களுக்கான சிறு கட்டுப்பாட்டுச் சில்லுகளைச் செய்தது. சில்லு இல்லாமல் மற்ற நாடுகளின் கார் ஆலைகளும் தடுமாறின. அமெரிக்காவின் வாகன உற்பத்தி ஏப்ரலில் இறங்கியதற்கு அமெரிக்காவில் காரணம் தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள்.

எண் பொய் சொல்லாமலே ஏமாற்றும் இடங்கள்

முன்கூட்டியே வாங்கிக் குவிப்பது. 2025 தொடக்கத்தில், அமெரிக்கா பெரிய அளவில் இறக்குமதி வரி போடப்போகிறது என்று தெரிந்ததும், அங்குள்ள இறக்குமதியாளர்கள் அவசர அவசரமாகச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மார்ச் வரை இறக்குமதி எகிறியது, ஏப்ரலில் பலமாக விழுந்தது. மார்ச் உயர்வைக் "கிராக்கி பொங்குகிறது" என்று படித்திருந்தாலும் தவறு, ஏப்ரல் வீழ்ச்சியைக் "கிராக்கி செத்துவிட்டது" என்று படித்திருந்தாலும் தவறு. வரித் தேதி தெரிந்த காலத்தில், அந்தத் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தங்கம். அதே காலத்தில் அமெரிக்காவுக்கு வந்த தங்கக் கட்டிகளும் இறக்குமதிக் கணக்கை ஊதிப் பெருக்கின. தங்கக் கட்டி ஒரு பெட்டகத்திலிருந்து இன்னொரு பெட்டகத்துக்குப் போவதில் ஆலைக்கோ கடைக்கோ சம்பந்தமில்லை. அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கி தன் பொருளாதார வளர்ச்சிக் கணிப்பைத் தங்கத்தைக் கழித்துத் தனியாக வெளியிட வேண்டிய நிலை வந்தது. ஸ்விட்சர்லாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளின் மாத வர்த்தக எண் நம்பமுடியாத அளவுக்கு ஏறினால், தங்கம் இல்லாத வரியைத் தேடுங்கள்.

அயர்லாந்து. அங்கே பதிவான பன்னாட்டு மருந்து, தொழில்நுட்ப நிறுவனங்களின் கணக்குகளால் அந்நாட்டின் மாத உற்பத்தி இரட்டை இலக்கத்தில் ஏறி இறங்குவது சகஜம். 2015ல் அந்நாட்டின் பொருளாதாரம் 26 சதவீதம் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டபோது உலகமே கண்ணைக் கசக்கிப் பார்த்தது. சின்ன நாடுதான், ஆனால் அதன் துள்ளல் யூரோ மண்டலத்தின் மொத்த எண்ணையே சில மாதங்களில் திசைமாற்றிவிடும். ஐரோப்பிய உற்பத்தி விசித்திரமாகத் தெரிந்தால் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றையும் தனியாகப் பார்த்தால் புகை விலகும்.

ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வரும் மிச்சம். போன ஆண்டின் சராசரி 100, ஆனால் டிசம்பரில் மட்டும் 102 என்று முடிந்தது. இந்த ஆண்டு பன்னிரண்டு மாதமும் 102லேயே அசையாமல் நின்றாலும் ஆண்டு வளர்ச்சி 2 சதவீதம் என்று வரும். ஆண்டு முழுக்க ஒரு அங்குலம்கூட நகராமல் பெற்ற வளர்ச்சி அது. ஆண்டு வளர்ச்சிக் கணிப்புகள் மாற்றப்படும்போது, புதிதாக ஏதோ நடந்ததா, அல்லது போன ஆண்டின் கடைசி மாதங்கள் திருத்தப்பட்டதன் எச்சமா என்று பாருங்கள்.

யார் இழுத்தார்கள்?

உலக எண் 0.6 சதவீதம் ஏறியது என்றால், அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதையும் நீங்களே போட்டுவிடலாம். நாட்டின் எடையை அதன் மாற்றத்தால் பெருக்கினால் போதும். உலக இறக்குமதியில் 13 சதவீதம் எடையுள்ள நாட்டின் இறக்குமதி 4 சதவீதம் ஏறினால், உலக எண்ணில் அதன் பங்களிப்பு 0.52 சதவீதப் புள்ளி. அதாவது அந்த 0.6ல் பெரும்பகுதி ஒரே நாட்டிலிருந்து வந்தது. மற்றவர்கள் கிட்டத்தட்ட அப்படியே நின்றிருக்கிறார்கள். பரவலான ஏற்றத்துக்கும் ஒற்றை நாட்டு ஏற்றத்துக்கும் உலக எண் ஒன்றாகவே இருக்கலாம். தொடர்ந்து நிற்பது பெரும்பாலும் பரவலானதுதான்.

இரண்டு மாதம் காத்திருக்க முடியாதவர்களுக்கு

முன்கூட்டியே சைகை காட்டும் கணக்குகள் சில உண்டு. நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களிடம் கேட்டுத் தொகுக்கும் கொள்முதல் மேலாளர் குறியீட்டில் வரும் புதிய ஏற்றுமதி ஆர்டர் பகுதி அடுத்த மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். 50க்கு மேல் என்றால் கூடியது என்றவர்கள் அதிகம், கீழே என்றால் குறைந்தது என்றவர்கள் அதிகம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைத்தான் அது அளக்கிறது, எவ்வளவு என்பதை அல்ல. 52 என்பதை 2 சதவீத வளர்ச்சி என்று படிக்கக் கூடாது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.ஐ., ஐ.எஸ்.எல். ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிடும் கன்டெய்னர் குறியீடு, துறைமுகங்களில் கையாளப்பட்ட பெட்டிகளை எண்ணுகிறது. எண்ணெயும் தானியமும் பெட்டியில் போவதில்லை என்பதால் அவை அதில் தெரியாது. பால்டிக் டிரை குறியீட்டைச் சிலர் வர்த்தக அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தாது, நிலக்கரி, தானியம் போன்றவற்றைப் பெட்டியில் போடாமல் அப்படியே குவித்து ஏற்றும் கப்பல்களின் வாடகை விலை. கப்பல் எண்ணிக்கை கூடினாலே விழுந்துவிடும்.

எல்லாவற்றிலும் வேகமானது தென்கொரியா. மாதத்தின் முதல் 20 நாள் ஏற்றுமதியை 21ஆம் தேதி வாக்கில் சொல்லிவிடுகிறது. சில்லு, கார், கப்பல், ரசாயனம் எல்லாம் விற்கும் நாடு என்பதால் உலகத் தேவையின் நாடியை அங்கே தொட்டுப் பார்க்கலாம். பார்க்கும் முன் வேலை நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே சனிக்கிழமைக்கு அரை நாள் கணக்கு. சூசோக் அறுவடைப் பண்டிகை ஒரு வருடம் செப்டம்பரிலும் மறு வருடம் அக்டோபரிலும் விழும். இருபது நாள் ஏற்றுமதி 8 சதவீதம் கூடியது என்று செய்தி வருகிறது என்று வையுங்கள். இந்த முறை வேலை நாட்கள் 15.5, போன வருடம் 14. 1.08ஐ 14ஆல் பெருக்கி 15.5ஆல் வகுத்தால் 0.975. ஒரு நாளுக்கான ஏற்றுமதி 2.5 சதவீதம் குறைந்திருக்கிறது.